கொரில்லா கண்ணாடி: கேள்விக்கு முன்பே வந்துவிட்ட விடை

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்காரும்போது படியுங்கள்.

சில நாட்களாக என்னிடம் இரண்டு கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. "சாவியோடு ஒரே பையில் போட்டாலும் கீறல் விழாத போன் கண்ணாடி, கீழே விழுந்தால் மட்டும் ஏன் சார் உடைகிறது?" என்று பழைய மாணவர் ஒருவர் கேட்டார். "மடிக்கிற போன் வந்திருக்கிறதே, கண்ணாடி எப்படித் தாத்தா மடியும்?" என்று என் தங்கையின் பேரன் கேட்டான். இரண்டு கேள்விக்கும் ஒரே கதைதான் பதில். அந்தக் கதையில் ஒரு விசித்திரம் உண்டு. நம் போன்களில் இருக்கும் கண்ணாடியின் சூத்திரம் 1960-களிலேயே தயாராகிவிட்டது. அதற்கு வேலை கிடைத்ததோ 2007-இல்தான். விடை முதலில் வந்து, கேள்வி நாற்பத்தைந்து ஆண்டு கழித்து வந்தது.

உடையாத கண்ணாடி என்ற ஆசை மிகப் பழையது. சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரியை ஆண்ட திபேரியஸ் பேரரசனைப் பற்றி ஒரு கதை உண்டு. கைவினைஞன் ஒருவன் அரசனிடம் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்தான். அதைத் தரையில் வீசி எறிந்தான். உடையவில்லை, பித்தளைச் செம்பு மாதிரி நசுங்கியது, அவ்வளவுதான். சின்னச் சுத்தியலை எடுத்துத் தட்டி நசுங்கலை நிமிர்த்திவிட்டான். "இந்த வித்தை வேறு யாருக்காவது தெரியுமா?" என்றான் அரசன். "எனக்கு மட்டும்தான்" என்று அவன் பெருமையாகச் சொல்ல, உடனே தலையை வெட்டச் சொல்லிவிட்டானாம். இப்படிப்பட்ட கண்ணாடி ஊரில் பரவினால் தங்கத்துக்கு மதிப்பு இருக்காது என்ற பயம். பெட்ரோனியஸ் இதை இப்படிச் சொல்கிறார். பிளினி என்ற அறிஞர், கைவினைஞனின் பட்டறையையே அழித்துவிட்டார்கள் என்று எழுதிவிட்டு, இது உறுதியான செய்தி அல்ல, பலரும் சொல்லும் கதை என்றும் சேர்த்துக்கொள்கிறார். நடந்ததோ இல்லையோ, தெரிந்த ஒரே ஆள் போனால் வித்தையும் அவனோடு போய்விடும் என்பது அந்தக் கதைக்குள் இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அடிப்படைக்கு வருவோம். கண்ணாடி ஏன் உடைகிறது?

படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கண்ணாடி வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் கண்ணாடியை அறுப்பதில்லை. முனையில் வைரத் துணுக்கோ சின்னச் சக்கரமோ வைத்த கருவியால் ஒரே ஒரு கோடு கிழிப்பார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இலேசாக வளைப்பார். 'டக்' என்று கோட்டின் வழியே இரண்டாகிவிடும். அந்தக் கோட்டின் ஆழம் ஒன்றுமே இல்லை. ஆனால் வளைக்கும்போது மேற்பரப்பு இழுபடுகிறது. இழுவிசை முழுவதும் கீறலின் கூரான அடிமுனையில் குவிகிறது. கீறல் வாய் திறந்து உள்ளே ஓடுகிறது.

இதை முதலில் கணக்காகப் போட்டுக் காட்டியவர் ஏ. ஏ. கிரிஃபித். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த பொறியாளர். கண்ணாடியின் அணுப் பிணைப்புகளை வைத்துக் கணக்கிட்டால் அது எஃகைவிட வலுவாக இருக்க வேண்டும். நடைமுறையில் அதில் மிகச் சிறிய பங்குதான் தேறுகிறது. மீதி எங்கே போனது? அவர் கண்ணாடியை உருக்கி மெல்லிய இழைகளாக இழுத்துச் சோதித்தார். இழை மெலிய மெலிய, அதன் பருமனுக்கு ஏற்ற வலு பல மடங்கு கூடிக்கொண்டே போனது. கண்ணாடியின் பலவீனம் அதன் உடம்பில் இல்லை, மேற்பரப்பில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் இருக்கிறது என்று 1921-இல் வெளியான தன் கட்டுரையில் நிறுவினார். இன்று உலகம் முழுவதும் முறிவு இயக்கவியல் என்று படிக்கும் பாடத்துக்கு அதுதான் ஆரம்பம்.

ஆக, அழுத்தினால் கண்ணாடி பெரும் பாரத்தைத் தாங்கும். இழுத்தால்தான் கீறல் வாய் திறக்கும். மேற்பரப்பை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருந்தால்? வெளியிலிருந்து எவ்வளவு இழுத்தாலும், முதலில் அந்த அழுத்தத்தைக் கழித்த பிறகுதான் கீறல் திறக்க முடியும். வங்கிக் கணக்கில் முன்கூட்டியே பணம் போட்டு வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பு தீரும்வரை கடன் இல்லை.

இதற்கு ஒரு விளையாட்டுப் பொருள் முன்னோடி. 1660-களில் லண்டன் அறிஞர்களைத் திணறடித்தது அது. உருகிய கண்ணாடியைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டால், பருத்த தலையும் நீண்ட வாலுமாகத் தவளைக்குஞ்சு போல உறைந்துவிடும். ரூப்பர்ட் இளவரசர் தன் உறவினரான மன்னர் இரண்டாம் சார்லஸுக்குக் கொண்டுவந்து காட்டியதால் 'ரூப்பர்ட் இளவரசர் துளி' என்று பெயர். தலையைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது. வாலைக் கிள்ளினால் மொத்தமும் வெடித்துத் தூளாகிவிடும்! ராயல் சொசைட்டி இதை ஆராய்ந்தது. ராபர்ட் ஹூக் 1665-இல் வெளியிட்ட தன் நூலில் இதைப் பற்றி எழுதினார்.

காரணம் இதுதான். தண்ணீர் பட்டதும் துளியின் தோல் முதலில் உறைகிறது. உள்ளே இருப்பது பிறகு மெல்ல ஆறிச் சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட தோலை உள்நோக்கி இழுக்கிறது. தோல் அழுத்தத்தில், உள்ளம் இழுவிசையில். தலையில் விழும் அடியை அந்த அழுத்தம் தாங்குகிறது. வால் முறிந்தால் விரிசல் உள்ளே இருக்கும் இழுவிசைப் பகுதிக்குள் புகுந்து, நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் பாய்கிறது. அதை 1994-இல் அதிவேகக் கேமராவில் பிடித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சீனிவாசன் சந்திரசேகரும் கேம்பிரிட்ஜின் முனவர் சௌத்ரியும். அந்தத் தோலில் இருக்கும் அழுத்தத்தைப் பின்னாளில் அளந்தபோது வளிமண்டல அழுத்தத்தைப் போல 7,000 மடங்கு வரை வந்தது. முந்நூற்றைம்பது ஆண்டுப் பழைய புதிருக்கு நம் காலத்தில் கிடைத்த அளவு அது.

சூடான கண்ணாடித் தகட்டைத் திடீரென்று குளிரவைத்து இதே காரியத்தைச் செய்யலாம் என்று 1874-இல் காட்டினார் பிரான்ஸ் நாட்டின் டி லா பாஸ்டி. கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடி இன்றும் இந்த வழியில்தான் வலுவேறுகிறது. உடைந்தால் கூரான சில்லுகளாகாமல் கற்கண்டு போலப் பொடிந்து உதிர்வதும் அதனால்தான். ஆனால் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. தோல் முதலில் ஆற வேண்டும், உள்ளே பிறகு ஆற வேண்டும். தகடு சில மில்லிமீட்டராவது தடிமனாக இருந்தால்தான் அந்த வித்தியாசம் கிடைக்கும். போன் கண்ணாடி அளவுக்கு மெல்லிய தகட்டில் உள்ளும் வெளியும் ஏறத்தாழ ஒன்றாகவே ஆறிவிடும். வேறு வழி வேண்டும்.

வேறு வழி வேதியியலில் கிடைத்தது. பஞ்சைவிட இலேசான ஏரோஜெல்லை 1931-இல் உலகுக்குக் காட்டிய ஸ்டீவன் கிஸ்ட்லர் என்ற அமெரிக்கர், 1962-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கண்ணாடியில் சிலிக்கன், ஆக்சிஜன் வலைப்பின்னலுக்கு இடையே சோடியம் அயனிகள் இருக்கின்றன. கண்ணாடியைப் பொட்டாசியம் உப்பின் சூடான உருகலில் ஊறவைத்தால், மேற்பரப்பில் இருக்கும் சோடியம் வெளியேறி, பொட்டாசியம் அந்த இடத்தில் உட்காரும். பொட்டாசியம் உருவத்தில் பெரியது.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். மூவர் உட்காரும் சீட்டில் நடுவில் இருக்கும் ஒல்லியான ஆள் எழுந்து இறங்க, அதே இடத்தில் தாட்டியான ஆள் ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒரு வரிசையில் இல்லை, எல்லா வரிசையிலும் இப்படி ஆனால்? பஸ் அகலமாகாது, நெருக்கடிதான் கூடும். கண்ணாடியின் மேற்பரப்பு முழுவதும் அப்படி நெருக்கடிக்கு உள்ளாகிறது. அந்த நெருக்கடிதான் நமக்கு வேண்டிய அழுத்தம். இதற்குப் பயன்படும் உப்பு பொட்டாசியம் நைட்ரேட். நம் ஊரில் வெடியுப்பு என்போமே, பட்டாசு மருந்தில் சேர்ப்பது, அதேதான். சுமார் 400 டிகிரி செல்சியஸில் அதை உருக்கி, கண்ணாடியை மணிக்கணக்கில் மூழ்கடித்து வைப்பார்கள். மேலே ஒரு தலைமுடியின் பருமன் அளவுக்குத்தான் மாற்றம் நடக்கும். அதுவே போதும்.

அதே காலத்தில், நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்ற சிற்றூரில் இருந்த அதே பெயருடைய கண்ணாடி நிறுவனமும் இந்த வழியில் இறங்கியிருந்தது. எடிசனின் பல்புக்குக் கண்ணாடிக் குமிழ் ஊதிக் கொடுத்தவர்கள் அவர்கள். 1915-இல் பைரக்ஸ் பாத்திரம் கொண்டுவந்தவர்களும், 1934-இல் பாலமர் மலைத் தொலைநோக்கிக்கு 200 அங்குல ஆடியை வார்த்தவர்களும் அவர்களே. அந்த ஆய்வுக்கூடத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் இருந்தார். 1950-களின் தொடக்கத்தில் ஒரு நாள், கண்ணாடித் துண்டு ஒன்றை 600 டிகிரியில் சூடுபடுத்த உலையில் வைத்தார். உலையின் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி வெப்பம் 900 டிகிரிக்கு ஏறிவிட்டது. உருகி ஓடியிருக்கும் என்று நினைத்துத் திறந்தால், துண்டு பால்வெள்ளையாக அப்படியே இருந்தது. இடுக்கியில் எடுக்கும்போது நழுவித் தரையில் விழுந்தது. உடையாமல் குதித்தது. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் முளைத்துவிட்டிருந்தன. கண்ணாடியும் பீங்கானும் கலந்த அந்தப் புதுப் பொருள் ஏவுகணை மூக்கிலும் சமையலறைப் பாத்திரத்திலும் போய்ச் சேர்ந்தது. ஸ்டூக்கியின் பெயரை மறந்துவிடாதீர்கள்; கதையின் கடைசியில் மறுபடி வருவார்.

அந்த வெற்றிக்குப் பிறகு, வலுவான கண்ணாடிக்காகவே ஒரு திட்டத்தைக் கார்னிங் தொடங்கியது. பெயர் 'புராஜெக்ட் மசில்'. 1962-இல் 'கெம்கோர்' என்ற கண்ணாடியை அறிவித்தார்கள். சாதாரணக் கண்ணாடி சதுர அங்குலத்துக்குச் சுமார் 7,000 பவுண்டு தாங்கினால், இது 1,00,000 பவுண்டு தாங்கியது. ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கெம்கோர் டம்ளர்களை வீசிப் பார்த்தார்கள். உறைந்த கோழிகளைக் கண்ணாடிமேல் எறிந்தும் பார்த்தார்கள். நின்றது!

சரி, யாருக்கு விற்பது? அங்கேதான் இடித்தது. டெலிபோன் கூண்டு, சிறைச்சாலை ஜன்னல், மூக்குக்கண்ணாடி என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார்கள். பெரிய நம்பிக்கை கார் முன்கண்ணாடியில் இருந்தது. சில பந்தயக் கார்களில் பொருத்தவும் செய்தார்கள். ஆனால் விபத்தில் தலை போய் மோதும்போது கண்ணாடி கொஞ்சமாவது விட்டுக்கொடுக்க வேண்டும். இது விட்டுக்கொடுக்காது; கண்ணாடி பிழைக்கும், மண்டை பிழைக்காது. நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய கண்ணாடி மலிவாகவும் இருந்தது, உடைந்து உயிரைக் காக்கவும் செய்தது. வலு எல்லா இடத்திலும் நன்மை இல்லை. 1970-களின் தொடக்கத்தில் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

அதே 1960-களில் அதே நிறுவனம் இன்னொன்றும் கண்டுபிடித்தது. நீண்ட தொட்டி ஒன்றில் உருகிய கண்ணாடியை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பொங்கல் பானையில் பால் பொங்கி வழிவதுபோல, தொட்டியின் இரண்டு விளிம்பிலும் கண்ணாடி ஒரே சீராக வழியும். தொட்டியின் அடி கூம்பியிருக்கும். இரண்டு பக்கத்து வழிசலும் அடியில் சேர்ந்து ஒரே தகடாகக் கீழே இறங்கும். அந்தத் தகட்டின் இரண்டு முகமும் காற்றைத் தவிர எதையும் தொடவில்லை. அதனால் தேய்த்து மெருகேற்ற வேண்டியதில்லை. இதுவும் கார் கண்ணாடியை எண்ணி வளர்த்த முறைதான். ஆனால் அந்தச் சந்தையில் உருகிய ஈயத்தின்மேல் (வெள்ளீயத்தைச் சொல்கிறேன்) கண்ணாடியை மிதக்கவிடும் இங்கிலாந்து பில்கிங்டன் முறை முந்திக்கொண்டது. 1980-களில் எல்சிடி திரைகளுக்கு மாசில்லாத மெல்லிய தகடு தேவைப்பட்டபோது, வழிசல் முறைக்குப் புது வாழ்வு வந்தது.

ஆக ஒரே நிறுவனத்தில், மெல்லிய தகடு இழுக்கும் முறை நடப்பில் இருந்தது. அதை வலுவாக்கும் முறை காப்புரிமைப் பத்திரங்களிலும் ஆய்வுக் குறிப்புகளிலும் தூங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்க வேண்டும்.

கேட்டவர் ஸ்டீவ் ஜாப்ஸ். 2007 ஜனவரி 9 அன்று அவர் மேடையில் காட்டிய முதல் ஐபோனின் முகப்பு பிளாஸ்டிக். பையில் போட்டு எடுத்தால் கீறிவிடும். கண்ணாடிதான் வேண்டும் என்று முடிவெடுத்து, கார்னிங் தலைவர் வெண்டல் வீக்ஸைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பை வால்டர் ஐசக்சன் எழுதிய ஜாப்ஸ் வாழ்க்கை வரலாற்றில் படிக்கலாம். கண்ணாடி எப்படிச் செய்வது என்று ஜாப்ஸ் விளக்கத் தொடங்க, வீக்ஸ் அவரை நிறுத்திவிட்டு, எழுந்துபோய்ப் பலகையில் அயனிப் பரிமாற்றத்தை வரைந்து பாடம் நடத்தினாராம். உலகமே பயந்த மனிதருக்குப் பாடம் எடுத்திருக்கிறார் பாருங்கள்! ஆசிரியனாகப் படித்தபோது எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. எங்கள் எந்த ஆலையும் இப்போது அதைத் தயாரிக்கவில்லை என்று வீக்ஸ் சொல்ல, பயப்படாதீர்கள், உங்களால் முடியும் என்று ஜாப்ஸ் விடவில்லை. கென்டக்கி மாநிலம் ஹாரட்ஸ்பர்க்கில் எல்சிடி கண்ணாடி செய்துகொண்டிருந்த ஆலையை இதற்குத் திருப்பினார்கள். 2007 ஜூன் 29 அன்று ஐபோன் கடைக்கு வந்தபோது முகப்பு கண்ணாடியாக இருந்தது. அதுதான் கொரில்லா கிளாஸ். ஜப்பானின் அசாஹி நிறுவனத்தின் டிராகன்டிரெய்ல், ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்தின் சென்சேஷன் என்று பிறகு போட்டியாளர்களும் வந்தார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். கீறாதது ஏன் உடைகிறது?

கீறல் தாங்குவதும் அடி தாங்குவதும் இரண்டு வெவ்வேறு குணங்கள். எது எதைக் கீறும் என்பதற்கு மோஸ் அளவுகோல் உண்டு, பள்ளியில் படித்திருப்பீர்கள். வைரம் 10, நீலக்கல் 9, குவார்ட்ஸ் 7, கண்ணாடி ஏறத்தாழ 6. சாவி பெரும்பாலும் பித்தளை அல்லது சாதாரண இரும்பு, கண்ணாடியைவிட மென்மையானது. அதனால்தான் சாவி கீறுவதில்லை. ஆனால் மணல் என்பது குவார்ட்ஸ். கடற்கரைக்குப் போய்வந்த சட்டைப் பையில் நாலு மணல் இருந்தால் போதும். அந்த மணல் போடும் கீறல், நான் சொன்ன முடிப்பருமன் தோலைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டால், அழுத்தம் என்ற காவல் அங்கே இல்லை. இன்று போட்ட கீறல் அடுத்த மாதம் ஒரு சின்ன விழுதலில் உடைப்பாக வெளிப்படும். வழவழப்பான தரையில் பத்து முறை விழுந்து பிழைத்த போன், ஜல்லி பெயர்ந்த ரோட்டில் ஒரே முறையில் உடைவதும் இதனால்தான். கூரான கல் நேராகத் தோலைத் துளைக்கிறது. விரிசல் விழுந்த பிறகு காற்றின் ஈரமும் அதன் முனையில் புகுந்து பிணைப்புகளை மெல்ல அறுக்கிறது. இரவில் சின்னதாக இருந்த விரிசல் காலையில் நீண்டிருப்பது உங்கள் பிரமை அல்ல.

இடையில் ஒரு செய்தி. கடையில் ஒட்டித் தரும் டெம்பர்டு கிளாஸ் அட்டையில் '9 எச்' என்று போட்டிருப்பார்கள். வைரம் 10 என்றால் இது 9 என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அந்த 9 எச் பென்சில் கடினத்துக்கான அளவு. எச்பி, 2 எச் என்று வாங்குவோமே, அந்த வரிசை. பென்சில் கீறாது என்பதுதான் அதன் பொருள். மணல் கீறும். அடியைத் தான் வாங்கிக்கொண்டு உடைவதற்காக ஒட்டுங்கள், தவறில்லை.

'அப்படியானால் நீலக்கல்லிலேயே திரை செய்யலாமே?' அதையும் முயன்றார்கள். ஆப்பிள் 2013-இல் ஜிடி அட்வான்ஸ்டு டெக்னாலஜிஸ் என்ற நிறுவனத்துக்கு 57.8 கோடி டாலர் முன்பணம் தர ஒப்புக்கொண்டு, அரிசோனாவில் மேசா என்ற இடத்தில் செயற்கை நீலக்கல் வளர்க்க ஏற்பாடு செய்தது. பெரிய படிகங்களைப் பழுதின்றி, கட்டுப்படியாகும் விலையில் வளர்க்க முடியவில்லை. 2014 அக்டோபரில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. நீலக்கல் கீறலுக்கு அசையாது; ஆனால் கனம் அதிகம், விலை அதிகம், வளைந்துகொடுக்கவும் மறுக்கும்.

வளைவது என்றதும் இரண்டாவது கேள்வி. கண்ணாடி மடியுமா?

எளிய கணக்கு. ஒரு தகட்டை வளைத்தால் அதன் வெளிப்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்பது, தகட்டின் தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும். 0.6 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடியை 1.5 மி.மீ. ஆரத்துக்கு மடிக்க நினைத்தால் வெளிப்பக்கம் 20 சதவீதம் நீள வேண்டும். எந்தக் கண்ணாடியும் அதற்கு நிற்காது. அதே கண்ணாடியை 0.03 மி.மீ. ஆக்குங்கள். நீட்சி 1 சதவீதமாகிவிடும். வெடியுப்பில் ஊறிய தோலுக்கு அது தாங்கக்கூடியது. தடித்த பனைமட்டை முறியும் இடத்தில் அதன் நார் வளைந்துகொடுக்கிறது அல்லவா, அந்த நியாயம்தான். கிரிஃபித் இழுத்துப் பார்த்த மெல்லிய இழைகளின் சொந்தக்காரத் தகடு இது.

2012-இல் கார்னிங் 0.1 மி.மீ. தடிமனில், பாய்போலச் சுருட்டக்கூடிய 'வில்லோ' கண்ணாடியை அறிவித்தது. ஆனால் போனை மடிக்க அதுவும் தடிமன்தான். 2019-இல் சாம்சங்கின் முதல் மடிக்கும் போன் வந்தபோது அதன் முகத்தில் இருந்தது பிளாஸ்டிக் படலம். மதிப்புரை எழுத வாங்கியவர்களில் சிலர், மேலே இருந்த படலத்தை ஸ்கிரீன் கார்டு என்று நினைத்து உரித்துவிட, திரையே போயிற்று. சிலவற்றில் இடுக்கு வழியாகத் துகள் உள்ளே புகுந்தது. ஏப்ரலில் வரவேண்டிய போன் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. 2020 பிப்ரவரியில் வந்த அடுத்த மடிக்கும் போனில்தான் உண்மையான கண்ணாடி வைத்தார்கள். ஜெர்மனியின் ஷாட் நிறுவனத்தின் மிக மெல்லிய கண்ணாடி, தடிமன் 0.03 மி.மீ., தலைமுடியைவிட மெலிது. 2,00,000 முறை மடிக்கலாம் என்று நிறுவனம் சொன்னது. தினம் நூறு தடவை மடித்தால் ஐந்து ஆண்டுக் கணக்கு.

ஆனால் அவ்வளவு மெல்லிய கண்ணாடியை வெறுமனே விட முடியாது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் படலம் போர்த்தினார்கள். அந்தப் படலத்தில் விரல் நகம்கூடத் தடம் பதிக்கும். 2007-இல் எந்தப் பிளாஸ்டிக் கீறலிலிருந்து தப்ப ஓடினார்களோ, பதின்மூன்று ஆண்டு சுற்றி அங்கேயே வந்து நிற்கிறார்கள். கீறாமலும் இருக்க வேண்டும், மடியவும் வேண்டும் என்றால் இயற்கை இன்னும் முழுச் சம்மதம் தரவில்லை. தடிமன் இருந்தால் கீறலையும் அடியையும் தாங்கும், மடியாது. தடிமனைக் குறைத்தால் மடியும், தாங்காது. இன்றைய ஆராய்ச்சி எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நடக்கும் பேரம்தான். பேரனுக்கு இதைத்தான் சொன்னேன்: மடிகிறது, ஆனால் நகத்தை வெட்டிக்கொண்டு தொடு.

ஸ்டூக்கி மறுபடி வருவார் என்றேன் அல்லவா? 2020 அக்டோபரில் வந்த ஐபோனில் 'செராமிக் ஷீல்டு' என்ற முகப்பு இருந்தது. கண்ணாடிக்குள் ஒளியை மறைக்காத அளவுக்கு மிக நுண்ணிய பீங்கான் படிகங்களை வளர்த்துச் செய்தது. பழுதான உலையில் அவர் கண்ட அதே கண்ணாடிப் பீங்கான் குடும்பம்தான். ஸ்டூக்கி 2014-இல், 99 வயதில் காலமானார். தன் விபத்தின் பேத்தி கோடிக்கணக்கான சட்டைப் பைகளில் ஏறியதை அவர் பார்க்கவில்லை.

இந்தக் கதை நமக்கு அவ்வளவு தூரத்திலும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணாடித் தகடு செய்கிறது. ஐபோன்கள் அதே வட்டாரத்தில் கோக்கப்படுகின்றன. 2024 ஜனவரியில், பக்கத்திலேயே பிள்ளைப்பாக்கத்தில் போன் முகப்புக் கண்ணாடி ஆலை அமைக்கக் கார்னிங்கின் கூட்டு நிறுவனத்தோடு தமிழக அரசு சுமார் 1,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. உங்களில் சிலர் அந்தப் பக்கத்து ஆலைகளில் வேலை பார்க்கிறீர்கள். நீங்கள் கையில் எடுக்கும் தகட்டுக்குப் பின்னால் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்கு இதில் மனத்தைத் தொடுவது ஜாப்ஸ் அல்ல. அவர் கேள்வி கேட்டவர், அவருக்குப் புகழ் கிடைத்துவிட்டது. 1962-இல் உப்புத் தொட்டியின் முன்னால் வியர்வையோடு நின்ற ஆட்களை நினைக்கிறேன். அன்று முப்பது வயதில் இருந்தவருக்கு 2007-இல் எழுபத்தைந்து. திட்டம் மூடப்பட்ட நாளில், பத்து ஆண்டு உழைப்பு வீண் என்று வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அவர் எந்தக் கண்ணாடியை, எந்த உப்பில், எவ்வளவு சூட்டில், எத்தனை மணி நேரம் வைத்தார் என்பது எழுத்தில் இருந்தது. திபேரியஸ் காலத்துக் கைவினைஞனின் வித்தை அவன் தலைக்குள் மட்டும் இருந்தது. தலை போனதும் போயிற்று. இவர்களுடையது ஏட்டில் இருந்தது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்து வேறு ஒருவர் பலகையில் வரைந்து காட்ட முடிந்தது.

"படித்ததற்கும் பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லை சார்", "செய்த புராஜெக்டை நிறுத்திவிட்டார்கள் சார்" என்று உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். எல்லா உழைப்புக்கும் காலம் திரும்பி வரும் என்று உத்தரவாதம் கிடையாது. ஆனால் திரும்பி வரும் நாளில் கையில் கிடைக்கிற மாதிரி எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது. செய்த முறையை, அளவை, தோற்ற காரணத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். வகுப்பில் ரெக்கார்டு நோட்டை நான் அவ்வளவு கண்டிப்பாகக் கேட்டதற்கு இதுதான் காரணம்.

சரி, போனை மணல் இல்லாத பையில் வையுங்கள். கண்ணாடித் தொழிலில் இருப்பவர்கள் நான் விட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள், எல்லோரும் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்